ஆடிக் காற்றில் அணைந்த ஓவன்: பல்லடம் பக்கத்துப் பேக்கரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"மூணு தெர்மோகப்பிள் மாத்தியாச்சுங்க தம்பி. மூணும் புதுசு. அப்பவும் மத்தியானமானா அணைஞ்சு போகுது. விடியக்கால ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகறதில்லீங்க. பதினோரு மணிக்கு மேலதான் வம்பு."

ஆனி மாத நடுவில் ஒரு பேக்கரி முதலாளி தன் கேஸ் ஓவனைப் பற்றிப் போனில் சொன்னது இது. தெர்மோகப்பிள் என்பது, சுடர் அணைந்தால் கேஸை நிறுத்த உதவுகிற சின்னப் பாகம். முதல் தெர்மோகப்பிளை மாட்டியது அந்த ஊர் அடுப்பு மெக்கானிக். மூன்றாவதை முதலாளியே கோவையில் வாங்கி வந்து மாட்டிக்கொண்டார். நடுவில் உள்ளது நான் மாட்டியது. ஆகவே இந்தக் கதையில் என் தப்பும் சேர்ந்தேதான் வரும்.

கேஸ் அடுப்பு, ஓவன் ரிப்பேர் வேலையில் எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. ஒரே ஓவனுக்கு மூன்று முறை போய்த்தான் காரணத்தைப் பிடித்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடையும் கருவியும்

கடை, பல்லடத்திலிருந்து உடுமலைப் பக்கம் போகிற சாலையோரம் இருக்கிறது. நம் பக்கத்தில் பேக்கரி என்றால் ரொட்டி, பன் மட்டும் விற்கிற இடம் கிடையாது. டீ, பஜ்ஜி, தேங்காய் பன், முட்டை பப்ஸ், சிக்கன் பப்ஸ், சாயங்காலமானால் காளான், எல்லாம் ஒரே கூரைக்குள் ஓடும். முன்னால் கண்ணாடிப் பெட்டியும் டீ பாய்லரும். பின்னால் 10 அடிக்கு 20 அடியில் தகரக் கூரை போட்ட சமையற்கட்டு. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலை மட்டும். வடக்கே சுவரை ஒட்டி ஒரு விசைத்தறிக் கொட்டகை. மேற்கே வெறும் சோளக்காடு.

சமையற்கட்டில் மூன்று பர்னர் வரிசை அடுப்பு ஒன்று, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டெக், அதாவது இரண்டு சூட்டறை, உள்ள கேஸ் ஓவன் ஒன்று. ஓவனுக்கு எட்டு வயது. வெளியே பின்சுவரை ஒட்டி, கூண்டுக்குள் நான்கு நீல சிலிண்டர்கள். இரண்டு ஓட்டத்தில், இரண்டு கையிருப்பில். ஒன்று 19 கிலோ, ஆக 76 கிலோ. 100 கிலோவைத் தாண்டினால் சேமிப்புக்கு லைசென்ஸ் வாங்க வேண்டிவரும். அந்தக் கணக்கில் முதலாளி சரியாகத்தான் இருந்தார்.

ஓவன் பழைய முறையில் செய்தது. ஒவ்வொரு டெக்குக்கும் அடியில் நீளக் குழாய் பர்னர், அதன் ஓரத்தில் பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரிகிற விரல் நுனி அளவு பைலட் சுடர், சுடருக்குள் நுனியை நீட்டிக்கொண்டு ஒரு தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, சேர்ந்த இடத்தைச் சுட வைத்தால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821-லேயே ஜெர்மானியர் சீபெக் கண்டுபிடித்தார். அந்தத் துளி மின்சாரம்தான் கேஸ் வால்வில் இருக்கும் காந்தத்தைப் பிடித்து வைக்கிறது. சுடர் அணைந்தால் நுனி ஆறும், காந்தம் விடும், 'டக்' என்று வால்வு மூடிக்கொள்ளும். கரண்ட் இல்லாமலே ஓடும் என்பதால் நம் ஊர் மின்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காவல்காரன் கிடையாது. சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு தெர்மோஸ்டாட். வைத்த அளவுக்குச் சூடு ஏறியதும் அது பெரிய தீயைச் சிம்முக்கு இறக்கிவிடும். இந்தச் சிம்மைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை

வைகாசிக் கடைசியில் முதல் தடவை போனபோது, அவசரக்காரன் செய்கிற வேலையைத்தான் செய்தேன். கீழ் டெக் அணைகிறது என்றார்கள். பைலட்டைப் பார்த்தேன். சுடர் மெலிந்து மஞ்சளாக இருந்தது. பைலட்டின் காற்று ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் படலம், மைதா மாவோடு சேர்ந்து, பழைய தலையணைக்குள் கை விட்டதுபோல. பக்கத்தில் தறி ஓடுகிற ஊர்களில் இதை நிறையப் பார்க்கலாம். வேறு ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்கிற பர்னரை இங்கே மாதாமாதம் ஊத வேண்டியிருக்கும்.

பஞ்சை எடுத்து, காற்றடித்து, பைலட்டின் ஜெட்டை, அதாவது கேஸ் பீறி வருகிற ஊசி ஓட்டைப் பாகத்தை, கழுவி மாட்டினேன். சுடர் நீலமாக நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். நுனி கருத்திருந்ததால் தெர்மோகப்பிளையும் மாற்றினேன். கருத்த நுனி கெட்ட நுனி ஆகாது என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் பாகம் மாற்றினால்தான் வேலை செய்த மாதிரி வாடிக்கையாளருக்கும் தோன்றுகிறது, நமக்கும் தோன்றுகிறது. காலை 7 மணிக்குப் போய் 9 மணிக்குக் கிளம்பிவிட்டேன். அந்த இரண்டு மணி நேரமும் ஓவன் அழகாக எரிந்தது. மத்தியானம்தான் அணைகிறது என்று சொன்னவரிடம் காலையில் சோதித்துக் காட்டிவிட்டு வந்தவனை என்ன சொல்வது!

இரண்டாம் முறை

போன் வந்ததும் இந்த முறை அளவுக் கருவிகளோடு போனேன். என்னிடம் ஒரு மானோமீட்டர் உண்டு, விலை கொடுத்து வாங்கியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பை 'ப' எழுத்தைப்போல வளைத்து ஒரு பலகையில் அடித்து, நடுவில் ஸ்கேல் ஒட்டியது. பாதிக்குத் தண்ணீர். ஒரு முனையைக் கேஸ் லைனில் மாட்டினால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். இந்த ஓவனின் லோ பிரஷர் ரெகுலேட்டர் தர வேண்டியது 30 மில்லிபார், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீர்.

அடுப்பு எதுவும் எரியாமல், ஓவன் மட்டும் முழுத் தீயில் எரிந்தபோது 29 சென்டிமீட்டர். நல்லது. அப்புறம் மாஸ்டரிடம் மூன்று அடுப்பையும் ஏற்றச் சொன்னேன். தண்ணீர் மெல்ல இறங்கி 21-இல் நின்றது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஜெட்டில் கேஸ் வரும் அளவு. 29 இருந்த இடத்தில் 21 என்றால் ஏறத்தாழ 15 சதவீதம் கேஸ் குறைவு. பெரிய தீயில் இது தெரியாது. சிம்மிலும் பைலட்டிலும் தெரியும்.

காரணம் சுலபமாகக் கிடைத்தது. ஓவன் ரெகுலேட்டரின் வாயில் இருக்கிற சல்லடையில் எண்ணெய்ப் பிசுக்கு. எல்பிஜியில் ஆவியாகாத கனமான மிச்சம் கொஞ்சம் எப்போதும் உண்டு. ரப்பர் ஹோஸிலிருந்து கரைந்து வருவதும் அதோடு சேரும். எட்டு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. கழற்றி விரலால் தொட்டால் தார் மாதிரி ஒட்டியது. சல்லடையைக் கழுவி, வாசரை மாற்றி, மூட்டுகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ரெகுலேட்டருக்கு அப்புறம் இருந்த ஒரு மூட்டில் குமிழ் வந்தது, கடுகளவு. அதையும் பிரித்துத் திருப்பிப் போட்டேன். தீக்குச்சியைக் கொளுத்தி கசிவு பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்கிற இடத்தில் நான் நிற்கக்கூட மாட்டேன்.

இப்போது மூன்று அடுப்பும் எரியும்போது 28. வேலை முடிந்தது என்று நினைத்தேன். நல்ல குறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அதுதான் தேடி வந்த குறை என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது.

நான்காம் நாள் மறுபடி போன். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான். "வந்தா ஒரு நாள் பூரா இருக்கற மாதிரி வாங்க தம்பி. சாப்பாடு இங்கயே பார்த்துக்கலாம்."

ஐஸ் குச்சி

மூன்றாம் முறை போய் ஓவன் முன்னால் குனிந்ததும் கண்ணில் பட்டது ஒரு ஐஸ் குச்சி. கீழ் டெக்கின் கேஸ் குமிழை அழுத்திப் பிடித்து, அதற்கும் முகப்புத் தகட்டுக்கும் நடுவில் குச்சியைச் செருகி, மேலே ஒரு ரப்பர் பேண்டு. அதாவது காந்தம் விட்டாலும் வால்வு மூடாது.

"இது யார் வேலைங்க?"

மாஸ்டர் கையைப் பிசைந்தார். "நூறு பப்ஸ் ஆர்டர் இருந்துச்சுங்ணா. பாதியில அணைஞ்சா மாவு வெண்ணெயைக் கக்கிருது. வேற வழி தெரியல."

அவர் கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அங்கேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கீழ் டெக்கின் உள்ளளவு சுமார் 300 லிட்டர். காற்றில் 2 சதவீதம் எல்பிஜி ஆவி கலந்தாலே வெடிக்கும் கலவை தயார். 300 லிட்டரில் 2 சதவீதம் 6 லிட்டர். எல்பிஜி ஆவி ஒரு லிட்டர் சுமார் 2.2 கிராம். ஆக 13 கிராம் போதும். மணிக்கு 600 கிராம் எரிக்கிற பர்னர் நிமிடத்துக்கு 10 கிராம் விடும். முழுத் தீயில் இருக்கும்போது அணைந்து, குச்சியும் வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஒன்றரை நிமிடத்துக்குள் ஓவன் ஒரு வெடியாகிவிடும். மேல் டெக்கின் பைலட் எரிந்துகொண்டே இருக்கிறது, திரி தேட வேண்டியதில்லை. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால் மேலே பறந்து போகவும் செய்யாது. தரையில், ஓவன் காலடியில், தண்ணீர் மாதிரித் தேங்கும்.

மாஸ்டர் குச்சியைத் தானே எடுத்துக் குப்பையில் போட்டார். இந்தத் தொழிலில் 'டைரக்ட் பண்ணிக் குடுத்துடலாம்' என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. தெர்மோகப்பிளைப் பிடுங்கிவிட்டு வால்வை நிரந்தரமாகத் திறந்து வைக்கிற வேலை அது. காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற கதை.

திரைச்சீலை

அன்று காலை 9 மணியிலிருந்து ஓவனுக்கு எதிரே ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் கழற்றவில்லை. பத்தரை வரை பன் ஓட்டம், தகராறு இல்லை. சுடர் ஓட்டை வழியே பார்த்தால் பைலட், தெர்மோகப்பிள் நுனியை முழுதாகத் தழுவிக்கொண்டு நின்றது.

பதினொன்றே காலுக்குக் காற்று எழுந்தது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகக் குவிந்து நேராக நம் மேல் வந்து விழும். பல்லடம், உடுமலைக் காடுகளில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனி, ஆடியில் உச்சிவேளையில் வீச்சு அதிகம், விடிகாலையில் அடங்கிக் கிடக்கும்.

காற்றோடு மண்ணும் வந்தது. மேற்கு ஜன்னல் இரண்டையும் உதவிப் பையன் சாத்தினான். மாஸ்டர் பஜ்ஜிக்கு வாணலி ஏற்றினார், எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

அப்போதுதான் திரைச்சீலை அசைந்தது. அதுவரை நிலைவாசலில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்த துணி, சமையற்கட்டுப் பக்கமாக உப்பி, சேலை முந்தானை காற்றில் பறப்பதுபோல அப்படியே நின்றது. கீழ் ஓரம் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக்கொண்டது. கடையிலிருந்து காற்றை உள்ளே உறிஞ்சுகிறது சமையற்கட்டு.

ஓவனுக்குள் பார்த்தேன். தெர்மோஸ்டாட் சிம்முக்கு இறக்கியிருந்த நேரம். சிம் சுடர்கள் நிமிர்ந்து நிற்காமல் முன்பக்கமாகப் படுத்துக் கிடந்தன. பைலட்டும் படுத்து, தெர்மோகப்பிளை விட்டு விலகி, தகட்டை நக்கிக்கொண்டிருந்தது. நாற்பது வினாடி இருக்கும், 'டக்'.

சிவன்மலை முருகன் படத்துக்கு முன்னால் இருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து, ஓவன் பின்னால் புகைக்குழாய் தொடங்குகிற இடைவெளியில் பிடித்தேன். புகை குழாய்க்குள் ஏற வேண்டும். அது என் முகத்தில் அடித்தது.

இதன் பொருள் இதுதான். ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் சாத்தியாயிற்று. திரைச்சீலை வழியே வருவது போதவில்லை. மிச்சம் இருக்கிற ஒரே திறந்த வழி, கூரைக்கு மேலே நிற்கும் ஓவன் புகைக்குழாய். புகை வெளியேற வேண்டிய குழாயில் வெளிக்காற்று தலைகீழாக இறங்கி வந்து பர்னரை ஊதுகிறது. கூரைமேல் ஏறிப் பார்த்தால், 4 அங்குலக் குழாய் தகரத்துக்கு மேலே ஒரு முழம்தான் நின்றது, வாயில் தொப்பி இல்லை. "அது போன ஆடியில பறந்து போச்சுங்க" என்றார் முதலாளி. அம்மியே பறக்கிற மாதத்தில் தகரத் தொப்பி எம்மாத்திரம்.

காற்றா, ஃபேனா, எது குற்றவாளி என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓட விட்டோம். புகை தடுமாறினாலும் பெரும்பாலும் மேலேதான் போனது. ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தினோம். மேலே போனது, பலமான வீச்சு வரும்போது மட்டும் ஒரு நொடி திரும்பி வந்தது, பைலட் அதைத் தாங்கிக்கொண்டது. சாத்திய ஜன்னலும் ஓடுகிற ஃபேனும் சேர்ந்தபோதுதான் விடாமல் தலைகீழ்.

சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது என்று தெர்மோகப்பிளைக் கழற்றி மல்டிமீட்டரில் மாட்டினேன். குமிழைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் பைலட் எரியும். சுடர் நேராக இருந்தபோது 25 மில்லிவோல்ட். 20-க்கு மேல் காட்டுகிற தெர்மோகப்பிளைக் குறை சொல்ல முடியாது. ஃபேன் சுவிட்சைத் தட்டச் சொன்னேன். 25, 22, 17, 11, பிறகு 6. நிறுத்தச் சொன்னேன். மெதுவாக ஏறி மறுபடி 25. கழற்றி எறிந்த இரண்டு பழைய தெர்மோகப்பிள்களையும் டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தேன். ஒன்று 24, மற்றொன்று 23. மூன்றும் நல்ல சரக்கு.

விடிகாலையில் ஏன் அணையவில்லை? காற்று இல்லை, மண் இல்லாததால் ஜன்னல் திறந்திருக்கும், வாணலி ஏறாததால் ஃபேன் ஓடாது. போன வருடம் ஏன் வரவில்லை? இந்தச் சித்திரையில் புதிதாக வரிசை அடுப்பு வாங்கியபோது, 12 அங்குல ஃபேனை எடுத்துவிட்டு 18 அங்குலம் போட்டிருக்கிறார்கள். விட்டம் ஒன்றரை மடங்கு, வீச்சுப் பரப்பு இரண்டேகால் மடங்கு. புகை போகட்டும் என்று யோசித்தவர்கள், காற்று வரட்டும் என்று யோசிக்கவில்லை. முதல் நாளே 'சமையற்கட்டில் புதிதாக என்ன மாற்றினீர்கள்' என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

தலைசுற்றல்

மத்தியானம் சாப்பிடும்போது உதவிப் பையன், ஒடிசாக்காரன், 22 வயது இருக்கும், பேச்சுவாக்கில் சொன்னான். "ரெண்டு மணிக்கு டெய்லி தலை சுத்துது அண்ணா. வெளிய போய் நின்னா சரியாயிடும்." சூட்டினால் வருகிறது என்று எல்லாரும் மோர் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அணைகிற ஓவன் பப்ஸைத்தான் கெடுக்கும். அணையாமல் தலைகீழ்க் காற்றில் எரிகிற ஓவன் ஆளைக் கெடுக்கும். மேல் டெக் அப்படித்தான் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பங்கு எல்பிஜி ஆவி ஒழுங்காக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அந்தப் புகை குழாய் வழியே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பும். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், அதற்காகவே மெர்காப்டன் சேர்க்கிறார்கள். சுடரில் அந்த மெர்காப்டன் எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை, நிறம் எதுவும் கிடையாது. வெளியே போனால் சரியாகிவிடுகிற தலைவலியும் தலைசுற்றலும்தான் அதன் முதல் அடையாளம்.

அன்று மத்தியானமே ஜன்னலைத் திறக்கச் சொன்னேன், மண் விழுந்தாலும் பரவாயில்லை என்று. வேலை முடியும்வரை வாணலி எரியும் நேரத்தில் ஓவன் ஓடக் கூடாது என்று முதலாளியிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். பையனை மட்டும் அன்றைக்கே பல்லடத்தில் ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

செய்த வேலை

புகைக்குழாயை உயர்த்திக் கூரை முகட்டைவிட 2 அடிக்கு மேல் நிற்க வைத்தோம். வாயில், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உள்ளே இறங்காதபடி 'எச்' வடிவத் தொப்பி. இந்த முறை ரிவெட் அடித்து, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியாயிற்று. கிழக்குச் சுவரில், காற்றுக்கு மறைவான பக்கம், 2 அடிக்கு 2 அடியில் இரண்டு திறப்புகள், சாய்வுத் தகடும் கொசுவலையும் போட்டு. ஒன்று தரையிலிருந்து அரை அடி உயரத்தில், கேஸ் கசிந்தால் வழிந்து போகவும் அது உதவும். ஃபேனுக்கு வேகம் குறைக்கிற ரெகுலேட்டர் ஒன்று. ஓவன் பாகங்களுக்கு ஆன செலவைவிடச் சுவரை உடைத்த கொத்தனார் கூலி அதிகம் என்பதில் முதலாளிக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எல்லாம் முடிந்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, மூன்று அடுப்பையும் ஏற்றி, மறுபடி ஊதுபத்தி. புகை குழாய்க்குள் நூல் பிடித்த மாதிரி ஏறியது. திரைச்சீலை லேசாக ஆடியது, உப்பவில்லை.

ஓவனைத் திறந்ததோடு இன்னும் இரண்டு குறைகளையும் பார்த்தோம். தெர்மோஸ்டாட்டில் 200 வைத்தால் உள்ளே 230 டிகிரி இருந்தது. சூட்டை உணர்கிற செம்புக் குமிழ் கிளிப்பிலிருந்து நழுவி, கதவோரக் குளிர்ந்த காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பில் மாட்டியதும் 205-க்கு வந்தது. குமிழையும் தெர்மோஸ்டாட்டையும் இணைக்கிற மெல்லிய குழாயைக் கூர்மையாக மடக்கினாலோ கீறினாலோ உள்ளிருக்கும் திரவம் போய், தெர்மோஸ்டாட்டே போய்விடும். ஓவனைக் கழுவுகிறோம் என்று கம்பி நாரால் அதைத் தேய்ப்பவர்கள் உண்டு. இன்னொன்று, கீழ்க் கதவின் கண்ணாடி இழைக் கயிறு நைந்து ஒரு பக்கம் விட்டிருந்தது. மாற்றினோம்.

அடுப்புப் பக்கம்

வரிசை அடுப்பு புகாரிலேயே இல்லை. ஆனால் அண்டாக்களின் அடி முழுக்கக் கரி பிடித்திருந்ததைப் பார்த்தபின் சும்மா வர முடியவில்லை. நடு பர்னரின் சுடர் நுனி மஞ்சளாக ஆடியது. ஜெட்டைக் கழற்றி, என்னிடம் இருக்கும் அளவு ஊசிகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். புதிதில் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஓட்டையில் 1.2 ஊசி தாராளமாகப் போனது. அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார்கள். ஜெட் பித்தளை, கம்பி இரும்பு, தேய்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை. 0.2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஓட்டையின் பரப்பு 44 சதவீதம் கூடிவிட்டது, கேஸும் அதே அளவு கூடுதல். காற்று வருகிற வழி மட்டும் பழைய அளவே. பாதி எரிந்தும் எரியாமலும் மஞ்சளாகி, அண்டாவில் கரியாக ஒட்டுகிறது. கேஸ் சீக்கிரம் தீர்கிறது என்று ஏஜென்சியைத் திட்டிக்கொண்டிருந்த முதலாளிக்கு அந்த ஊசியைக் கையில் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஜெட்டும் புதிது போட்டாயிற்று.

சுடரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நுனி மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை: பஞ்சு அடைத்திருக்கலாம், ஜெட் பெருத்திருக்கலாம், காற்றுத் தகடு மூடியிருக்கலாம். பர்னரை விட்டு எழும்பி 'உஸ்' என்று சத்தம் போட்டால் காற்று அதிகம், அல்லது அழுத்தம் அதிகம். 'பட்' என்று வெடித்துப் பர்னருக்குள்ளே ஜெட் வாயிலேயே எரிந்தால் உடனே மூடிவிட வேண்டும். கேஸ் வேகம் குறைந்திருக்கிறது, அல்லது பர்னர் தலை சரியாக உட்காரவில்லை.

பொங்கிய பாலும் டீயும் பர்னர் தலையில் காய்ந்தால் அன்றைக்கே ஊற வைத்துத் தேய்த்துவிட வேண்டும். அதற்குக் கக்கூஸ் ஆசிட்டை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பளிச்சென்று ஆகும், கூடவே ஓட்டைகளும் பெருக்கும். அப்புறம் இந்தக் கொங்கு நாட்டு நோய் ஒன்று: குமிழ் இறுகினால் தேங்காய் எண்ணெய். நமக்கு மேலுக்கும் தலைக்கும் அது மருந்துதான். கேஸ் வால்வுக்குள் போனால் சூட்டில் வெந்து பிசினாகி, இரண்டே மாதத்தில் முன்னைவிட இறுகும். வால்வுக்கென்று சூடு தாங்கும் கிரீஸ் விற்கிறது, அதைத் தவிர எதையும் போடக் கூடாது.

ஓவன் அணைந்தால் மாஸ்டர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். குமிழை மூடு. இரண்டு டெக் கதவையும் திற. ஐந்து நிமிடம் பொறு. மூக்கைத் தரைப் பக்கம் கொண்டுபோய் வாசனை பார். அதற்கப்புறம்தான் லைட்டர். 'ஐந்து நிமிடம் பொறு' என்பதை மட்டும் சிவப்பில் எழுதினேன்.

ஆடி பதினெட்டு முடிந்து

ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம், காற்று உச்சத்தில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். இருபது நாளில் ஒருமுறைகூட அணையவில்லை. பையனுக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டது. மாஸ்டருக்குத்தான் புதுக் குறை: "பப்ஸ் வெளுத்து வருதுங்ணா." 230 டிகிரி சூட்டுக்கே கை பழகிப்போனவர், 200-இலேயே வைத்துக்கொண்டிருந்தார். 220-க்கு ஏற்றி, இரண்டு தட்டு போட்டுப் பார்த்தோம். சரியாக வந்தது.

மாதாமாதம் பஞ்சு ஊதுகிற வேலையை இப்போது பையனே செய்கிறான், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ் கொடுத்திருக்கிறேன். ரெகுலேட்டர் சல்லடையை இனி வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில், காற்று தொடங்கும் முன் நான் வந்து திறந்து பார்ப்பதாகப் பேச்சு. மேல் டெக் கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அந்த மாடலுக்குக் கோவையில் சரக்கு இல்லை, சொல்லி வைத்திருக்கிறேன். வரும்வரை கதவு தானாகத் திறக்காமல் இருக்க மாஸ்டர் ஒரு குச்சியைச் செருகியிருந்தார். அந்தக் குச்சிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.